கேள்வியெல்லாம் கடைசியில்

சம்பந்தியின் பெயர் ஸ்டெல்லானுக்கு மறந்துபோயிருந்தது.

வேறு எந்த நாளில் மறந்திருந்தாலும் பரவாயில்லை. ஸ்டாக்ஹோம் மத்திய ரயில் நிலையத்தில், கீழ்த்தளத்தை எட்டிப் பார்க்கும் அந்த வட்ட ஓட்டையின் கைப்பிடியில் சாய்ந்தபடி அவர் நின்றிருந்தார். வடக்கிலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவந்த ரயில் நடைமேடையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் எச்சில்தொட்டி. அது ஞாபகம் இருந்தது. மகனுக்குப் பெண் கொடுக்கப்போகிற மனிதரின் பெயர் ஞாபகம் இல்லை.

மனைவி குனில்லாவுக்குப் போன் செய்தார்.

"அவங்களுக்குக் காப்பி பிடிக்குமா, டீ பிடிக்குமா?"

"எவங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான், வர்றவங்களுக்கு."

"பேரைச் சொல்லு பாக்கலாம்."

ஸ்டெல்லான் வானிலையைப் பற்றிப் பேசினார்.

"மறந்துட்டே. நேத்து சொல்லும்போதெல்லாம் 'தெரியும் தெரியும்'னு தலையை ஆட்டினியே, அதை இப்போ ஆட்டு" என்றாள் குனில்லா. "சிவப்புக் குடையை விரிச்சுப் பிடி. அதுதான் அடையாளம்னு சொல்லியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் ஊரைச் சுத்திக் காட்டிட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா. அப்புறம் இன்னொண்ணு, அந்த வீட்டுப் பேச்சை எடுக்காதே."

பேரைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

அந்த வீட்டுப் பேச்சுதான் ஸ்டெல்லானைக் குளிர்காலம் முழுக்கத் தூங்கவிடாமல் அடித்தது. மகன் லூத்விக் ஒரே பிள்ளை. அவன் கட்டிக்கொள்ளப்போகும் ஸ்டீனா வடக்கத்திப் பெண். அவளுடைய அப்பா அங்கே ஒரு ஏரிக்கரையில் தன் கையாலேயே வீடு ஒன்றைக் கட்டி, சாயம் அடித்து, 'கல்யாணத்துக்கு அப்புறம் இங்கேயே வந்துடுங்க' என்று சாவியையும் அனுப்பிவிட்டார். லூத்விக்கும் அந்தச் சாவியைத் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டுவிட்டான்.

அதனால் ஸ்டெல்லான் ஒரு திட்டம் போட்டிருந்தார். வீட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஊரைக் காட்ட வேண்டும். காட்டுகிற காட்டில் வந்தவர்களே, 'பசங்க இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும்.

காட்டத் தன்னைவிடத் தகுதியானவர் யார்? மூன்று தலைமுறை ஸ்டாக்ஹோம்காரர். நகரத் தண்ணீர்த் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரதமரையே பேர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டில் துணை இயக்குநரே என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அந்தக் குறையை அவரே அவ்வப்போது தீர்த்துக்கொள்வார். ஒரே ஒரு சிக்கல், உண்மையான ஸ்டாக்ஹோம்காரன் பழைய நகரத்துப் பக்கம் போவதே இல்லை. ஸ்டெல்லான் கடைசியாக அங்கே போனபோது லூத்விக் அவர் தோளில் உட்கார்ந்து ஐஸ்கிரீமை அவர் தலையில் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தான்.

குடையை விரித்தார். ஒரு ஜோடி நேராக அவரை நோக்கி வந்தது. அறுபது வயது இருக்கும். முதுகில் பை, காலில் மலையேறுகிற பூட்ஸ்.

"வடக்குலேர்ந்துதானே?" என்றார் ஸ்டெல்லான்.

அந்த ஆண் தலையாட்டினார். பெண் குடையைக் காட்டி, "சிவப்பு" என்றாள்.

பேர் கேட்கிற அவமானம் இல்லாமலே காரியம் முடிந்தது. ஸ்டெல்லானுக்கு உயிர் வந்தது. கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். பயணம் எப்படி, ரயிலில் தூக்கம் வந்ததா என்று கேட்டார். பதிலுக்கு இரண்டு தலையாட்டல்கள்.

அவருக்கு அதில் வியப்பில்லை. வடக்கத்திக்காரர்கள் பேச்சைக் குளிர்காலத்து விறகு மாதிரி பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்கள் என்பது ஊரறிந்த விஷயம். 'ஆமாம்' என்று சொல்லக்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். 'ஷ்ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அதுதான் ஆமாம். இவர்கள் அந்த மூச்சையும் மிச்சப்படுத்துகிறார்கள் போலிருக்கிறது.

"வாங்க, நடப்போம்" என்றார்.

பாலத்தை எட்டியபோது தூறல் நின்று வெயில் வந்தது. மே மாதக் கடைசி வெயில். அரண்மனைக்குக் கீழே தண்ணீர் வெள்ளிக்கட்டியை உருக்கி ஊற்றினாற்போல் நுரைத்து ஓடியது. ஊருக்கு நட்டநடுவில், மார்பளவு தண்ணீரில் இறங்கி, ஒருவன் சால்மன் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் பஸ் போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல்" என்றார் ஸ்டெல்லான். இது அவருடைய இலாகா, குரலில் ஒரு கம்பீரம் வந்தது. "ரெண்டும் சேர்ற இடத்துல நாம நிக்கறோம். தலைநகரத்து நடுவுல ஓடற தண்ணியில மீன் பிடிச்சு அப்படியே சமைச்சுச் சாப்பிடலாம். உலகத்துல வேற எங்க நடக்கும், சொல்லுங்க? அந்தச் சுத்தத்துக்கு யாரு காரணம்ங்கறதை நான் என் வாயால சொல்லக் கூடாது."

"நல்லா இருக்கு" என்றார் பூட்ஸ்காரர்.

"ரொம்ப" என்றது இன்னொரு குரல்.

ஸ்டெல்லான் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு சின்னக் கூட்டம் நின்றிருந்தது. கழுத்தில் காமிரா தொங்கும் இரண்டு அம்மாக்கள், குழந்தை வண்டியோடு ஓர் இளம் தம்பதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர். அவர்களுக்கும் பின்னால், நீல நிறக் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுநெடுவென்று ஒரு மனிதரும் அவர் மனைவியும். அவர் மீன் பிடிக்கப் போகிறவராக இருக்கும். எல்லோரும் தண்ணீரையும் ஸ்டெல்லானையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஓசியில் கேட்கிறவர்கள்! சொந்தக்காரர்களுக்குச் சொல்கிற விளக்கத்தை ஓரமாக நின்று காதில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனாலும், வீட்டில் ஒருவர்கூட அவர் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் குரல் தானாகக் கொஞ்சம் உயர்ந்தது.

பெட்டிக்காரர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "ஒரு விஷயம். நாங்க வந்து..."

"கேள்வியெல்லாம் கடைசியில" என்றார் ஸ்டெல்லான்.

விரல் மடங்கியது.

பழைய நகரத்தின் பெரிய சதுக்கத்தில் அவருக்கு முதல் அடி விழுந்தது. அங்கே ஒரு வீட்டுச் சுவரில் பீரங்கிக் குண்டு ஒன்று பதிந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எந்தச் சுவர் என்பதுதான் ஸ்டெல்லானுக்குத் தெரியவில்லை.

"இதோ, உங்க கண்ணு முன்னாடி" என்று குடையை நீட்டினார். அங்கே தண்ணீர்க் குழாய் இருந்தது.

அடுத்த சுவருக்கு நடந்தார். கூட்டமும் நடந்தது. மூன்றாவது சுவரைத் தடவிக்கூடப் பார்த்தார். ரத்தச் சிவப்பிலும் கடுகு மஞ்சளிலும் நின்ற உயரமான வீடுகள் அவரைக் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"குண்டை எடுத்திருக்காங்க" என்று அறிவித்தார். "வருஷா வருஷம் மே மாசம் எண்ணெய் போட்டுத் துடைக்கறது வழக்கம்."

பெட்டிக்காரரின் விரல் மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை அது நேராக எதிர்ப்பக்கத்து மூலைவீட்டைச் சுட்டிக்கொண்டிருந்தது. அங்கே சுவரில் உருண்டையாக, கறுப்பாக ஏதோ இருந்தது.

"கடைசியில, கடைசியில" என்று ஸ்டெல்லான் கூட்டத்தை அவசரமாகச் சந்துக்குள் திருப்பினார்.

குண்டைத் தொலைத்ததற்குச் சாட்சிகள் இத்தனை பேர் இருப்பது நல்லதில்லை என்று பட்டது. கூட்டத்தைக் கழற்றிவிட வேண்டும். முதலில் குடையை மடக்கிப் பார்த்தார். அடையாளம் போனால் ஆட்களும் போவார்கள் அல்லவா? ஆனால் குடை மறைந்ததும் கூட்டத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதுவரை இரண்டு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தவர்கள், தவறவிட்டுவிடுவோமோ என்று அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத மனிதரின் மூச்சு பிடரியில் படுவதைவிடப் பெரிய கொடுமை ஸ்டாக்ஹோமில் கிடையாது. குடையைப் படக்கென்று விரித்தார்.

அடுத்ததாக ஊரிலேயே குறுகலான அந்தப் படிக்கட்டுச் சந்துக்குள் நுழைந்தார். இரண்டு தோளும் சுவரில் உரசும் இடம். கூட்டம் இங்கே சிக்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். ஸ்வீடன்காரர்களைப் பற்றி அறுபத்து மூன்று வயது ஸ்வீடன்காரர் ஒருவர் போடக் கூடாத கணக்கு அது. ஒருவர்பின் ஒருவராக, தள்ளுமுள்ளு இல்லாமல், அழகாக வரிசை கட்டி ஏறினார்கள். குழந்தையைத் தாய் இடுப்பில் வைத்துக்கொள்ள, சைக்கிளைக் கீழே சாத்திவிட்டு வந்த சைக்கிள்காரர் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். மேலே இறங்குவதற்காகக் காத்திருந்த நாலைந்து பேர், இவ்வளவு ஒழுங்காக ஒரு வரிசை போகிறதென்றால் கடைசியில் ஏதோ நல்லது கிடைக்கும் என்று நம்பி, வாலில் சேர்ந்துகொண்டார்கள்.

கூட்டம் இப்போது ஒரு சின்ன ஊர்வலம் ஆகிவிட்டது.

காப்பிக்கடைக்குள் ஓடினார். எல்லோரும் வாசல் இயந்திரத்தில் எண்சீட்டைக் கிழித்துக்கொண்டு சாதுவாகப் பின்னால் வந்து நின்றார்கள். பூட்ஸ் ஜோடியை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, ஏலக்காய் ரொட்டி வாங்க வரிசையில் நின்றபோது பக்கத்தில் அந்தப் பெட்டிக்காரர். ஏற்கெனவே ஒரு கோப்பை காப்பியோடு, இரண்டாவது கோப்பை நிரப்பிக்கொள்ள வந்திருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் முகம். ஸ்டெல்லானுக்கோ காலையிலிருந்து மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

"அதோ அந்த ரெண்டு பேர் இருக்காங்களே" என்று குரலைத் தணித்தார். "என் பையனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க. காலைலேர்ந்து கத்தறேன், வாயைத் திறக்கறாங்களா பாருங்க. ரெண்டு விறகுக்கட்டை."

பெட்டிக்காரர் ஜன்னல் பக்கம் நிதானமாகப் பார்த்தார்.

"ஏரிக்கரையில வீடு கட்டி வெச்சிருக்காராம். யாரு கேட்டா? அரை வருஷம் இருட்டு, மிச்ச அரை வருஷம் கொசு. என் பையனை அங்க கொண்டுபோய் வெச்சுட்டா நான் இங்க யாரோட மல்லுக்கட்டுவேன்? ஞாயித்துக்கிழமை அவன் வந்து என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசலைன்னா எனக்குச் சோறு இறங்காது. இதை அந்த மனுஷன்கிட்ட சொல்ல முடியுமா?"

பெட்டிக்காரர் 'ஷ்ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தார். காப்பி கொதிக்கிற சூடு போலிருக்கிறது.

"ஊதிக் குடிங்க" என்றார் ஸ்டெல்லான் பரிவோடு.

மனசு லேசாகிவிட்டது. அந்த லேசான மனசோடு பாலம் தாண்டி ஊரின் தெற்குத் தீவுக் குன்றில் ஏறியபோது முழுசாக வழி தவறினார். வழி கேட்கலாம். மூன்று தலைமுறை ஸ்டாக்ஹோம்காரர் ஸ்டாக்ஹோமில் வழி கேட்பதா? "குறுக்கு வழி" என்று சொல்லிக்கொண்டு ஒரு நீலநிற மரக்கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு முற்றம். உருண்டைக் கற்கள் பாவிய தரை. சுற்றிலும் காவிநிற மரவீடுகள், ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டின் தோளில் லேசாகச் சாய்ந்துகொண்டு. நடுவில் வயசான லைலாக் மரம் ஒன்று கொத்துக் கொத்தாக ஊதாப்பூவைச் சுமந்து நின்றது. கொடியில் வெள்ளைத் துணிகள். படியில் ஒரு பூனை. வீடுகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் ஊர் முழுவதும் தெரிந்தது. பச்சை படிந்த செம்புக் கூரைகள், கோபுரங்கள், தண்ணீர், தண்ணீரில் வெள்ளைக் கப்பல். யாரோ அந்த இடுக்கை அளந்து, ஊரை அதற்கேற்ற மாதிரி கட்டிவைத்ததுபோல் இருந்தது.

வழியெல்லாம் சிணுங்கிக்கொண்டு வந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

பூட்ஸ்காரரின் மனைவி மெல்லக் கேட்டாள், "இது என்ன இடம்?"

எல்லோரும் ஸ்டெல்லானைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து அந்த வாய் ஒருமுறையும் அவரைக் கைவிட்டதில்லை.

"தெரியாது" என்றார். அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தேன். இந்த இடத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். குண்டும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. இவ்வளவு நல்ல ஊரை வெச்சுக்கிட்டு நான் இத்தனை நாள் குழாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

பெட்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவர் மனைவி லைலாக் கொத்தொன்றை வளைத்து முகர்ந்து பார்த்து, பறிக்காமல் விட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேல்ஜன்னல் திறந்தது. ஓர் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பாத்துட்டீங்கன்னா போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க. பூனை வெளிய போயிடும்."

எல்லோரும் பூனைக்கு வணக்கம் சொல்லாத குறையாக, நுனிக்காலில் வெளியேறினார்கள்.

குன்றின் விளிம்பு நடைபாதைக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. சாயங்காலம் என்று கடிகாரம்தான் சொன்னது. சூரியன் இன்னும் வேலை முடிந்து கிளம்புகிற உத்தேசத்தில் இல்லை. ஸ்டெல்லானுக்கு ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. பூட்ஸ் ஜோடி முகம் மலர்ந்து நின்றது. இதோ, இப்போது சொல்லப்போகிறார்கள்.

"நில்லுங்க!"

இளம்பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. கையில், அச்சு அசலாக அதே மாதிரி, ஒரு சிவப்புக் குடை.

"காலைலேர்ந்து உங்களைத் தேடித் தேடி ஊரையே மூணு சுத்து சுத்திட்டேன். யாரைக் கேட்டாலும் 'சிவப்புக் குடை இப்பத்தான் அந்தப் பக்கம் போச்சு'ங்கறாங்க. என் கூட்டத்தை எதுக்கு ஓட்டிட்டுப் போனீங்க?"

"உங்க கூட்டமா? நீங்க யாரும்மா?"

"தீரா. நகர வழிகாட்டி. இவங்கள்லாம் என்கிட்ட பதிவு பண்ணினவங்க. ஸ்டேஷன்ல சிவப்புக் குடைகிட்ட நிக்கச் சொல்லியிருந்தேன். நீங்க யாரு?"

"நான் ஸ்டெல்லான். தண்ணீர்த் துறையில துணை..." என்று ஆரம்பித்தவர், தீராவின் முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டார். "மத்தவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நான் வேண்டாங்கல. ஆனா இவங்க ரெண்டு பேரும் என்னோட ஆளுங்க. வடக்குலேர்ந்து என்னைப் பாக்க வந்தவங்க."

தீரா பூட்ஸ் ஜோடியைப் பார்த்தாள். "ரெய்யோ, ஐனோ, நீங்கதானே? ரொவானியேமி?"

இரண்டு தலைகள் ஆடின.

"அது பின்லாந்து!" என்றார் ஸ்டெல்லான்.

"வடக்குதான்" என்றார் ரெய்யோ, பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்வீடிஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி. "கொஞ்சம் கிழக்கே. நீங்க நல்ல வழிகாட்டி. வேகமாப் பேசறீங்க. பாதி புரிஞ்சுது. பூனை, முழுக்கப் புரிஞ்சுது."

ஐனோ அவர் கையைப் பிடித்து மென்மையாகக் குலுக்கினாள். கூட்டம் ஒவ்வொருவராக அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு சிவப்புக் குடையிலிருந்து இன்னொரு சிவப்புக் குடைக்கு வரிசையாக மாறி நடந்துபோனது.

ஸ்டெல்லான் பெஞ்சில் சரிந்தார். அப்படியென்றால் அவர்கள்? உண்மையானவர்கள்? ராத்திரியெல்லாம் ரயிலில் வந்து, எச்சில்தொட்டிப் பக்கத்தில் மூட்டை முடிச்சோடு இன்னும் நின்றுகொண்டிருப்பார்களோ? நிற்பார்கள். வடக்கத்திக்காரர்கள் சொன்ன இடத்தில் நிற்பார்கள். இல்லையென்றால் திரும்பிப் போகிற ரயிலில் ஏறியிருப்பார்கள். இனி வீடு என்ன, கல்யாணமே நடக்குமோ நடக்காதோ.

பையில் போன் அடித்தது. குனில்லா.

"எங்க இருக்கே? லூத்விக்கும் ஸ்டீனாவும் வந்தாச்சு. உருளைக்கிழங்கு வெந்தாச்சு. ஸ்டீனா கேக்கறா, அப்பா அம்மா எப்படி இருக்காங்கன்னு."

"அருமையா... இருக்காங்க."

"போனை அவங்ககிட்ட குடு."

ஸ்டெல்லான் போனை உள்ளங்கையால் பொத்தினார். ஊர் கீழே தங்கத் தகடாக மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த அழகை ரசிக்கிற நிலைமையில் அவர் இல்லை. கண் கலங்கியதில் ஊர் இரண்டாகத் தெரிந்தது.

பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்த நெட்டையான பெட்டிக்காரர். மனைவி சற்றுத் தள்ளி. தீராவோடு போகாமல் இவர்கள் மட்டும் ஏன் இன்னும் நிற்கிறார்கள்? விரல் வேறு உயர்ந்திருந்தது.

"கேள்வி கடைசியிலன்னு சொன்னீங்க" என்றார் அவர். "கடைசி வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க" என்றார் ஸ்டெல்லான் ஈனஸ்வரத்தில். "எனக்கு இதுதான் கடைசி. கேளுங்க. நீங்களும் என்னைக் கேக்க ஏதாவது இருக்கா?"

'ஷ்ஷுப்' என்று அந்த அம்மாள் மூச்சை உள்ளே இழுத்தாள். அவள் கையில் காப்பி இல்லை.

பெட்டிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்தார்:

"அந்த லைலாக் மரத்தடியிலயே நாங்க முடிவு பண்ணிட்டோம், பசங்க இங்கயே இருக்கட்டும், கொசுவை நாங்க பாத்துக்கறோம். இப்ப நான் காலைலேர்ந்து தூக்கிட்டு அலையற இந்த மீன் கெட்டுப்போறதுக்குள்ள வீட்டுக்குப் போலாமா, சம்பந்தி?"